படத்துக்குக் கட்டிய நீலச் சேலை

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் ஒரே இருட்டு. மருந்து வாடையும் வேர்வை வாடையும் கலந்து அடித்தன. கண் பழகிய பிறகு எதிரே ஒரு சதுரக் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. அதற்குள் என் அண்ணன் சுப்பையா தலைகீழாக நின்றுகொண்டிருந்தான்.

கால் மேலே, தலை கீழே. தோளில் கிடந்த துண்டு மேல்நோக்கித் தொங்கியது. தலைகீழாக நிற்கிறவனுக்கு வேட்டி எப்படி நழுவாமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை.

"தெரியுதாட்டி?" என்று வெளியே அண்ணன் கேட்டான். கண்ணாடிக்குள், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் அவன் வாய் அசைந்தது.

ஒரு மரப்பெட்டிக்குள் ஆளையும் சுவரையும் சுவருக்கு அப்பால் தெரிந்த கோபுரத்தின் நுனியையும் கவிழ்த்து அடைத்திருந்தார்கள். எல்லாம் அதனதன் நிறத்தோடு இருந்தன. நிறத்தை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததெல்லாம் அந்த நிறத்தால் வந்த வினை.

நாற்பது நாள்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். தேவதானத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். நாற்பதாம் நாள் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய புதிது. கப்பல் ஏறப்போவதாக ஒரு கடுதாசி வந்தது. வெகுநாள் கழித்து இன்னொன்று.

வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கடுதாசி வந்தால் நான்தான் கூட்டிக்கூட்டிப் படித்துக் காட்டுவேன். அந்தக் கடுதாசியின் கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை.

'உன் போட்டோ ஒன்று அனுப்பு. உன் முகம் மறந்து போகுமோ என்று பயமாக இருக்கிறது.'

வெட்கத்தால் மட்டும் விழுங்கவில்லை. அத்தைக்குப் போட்டோ என்றால் ஆகாது. அவருடைய தம்பி ஒருவர் மதுரையில் படம் பிடித்துக்கொண்டு வந்து, அந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாராம். "அந்தப் பொட்டி ஆளுல பாதிய உறிஞ்சிட்டுத்தான் விடும்" என்பார். எங்கள் தெருவில் யாராவது படம் பிடிக்கப் போனால், போகிறவர் காது கேட்கவே சொல்வார்.

ஆனால் எனக்கும் என் வீட்டுக்காரர் முகம் கலைந்துகொண்டு வந்தது. மூக்கு நினைவுக்கு வந்தால் கண் வராது. அப்படியானால் அவருக்கும் என் முகம் அப்படித்தானே போய்க்கொண்டிருக்கும்?

கொழும்புக்குப் போகிற புத்தகம்

என் அண்ணன் சுப்பையா ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவன். விற்கிறவர்கள் வேறு. விரித்துக் காட்டிய சேலைகளை மறுபடி மடித்து அடுக்குவதுதான் அவன் வேலை. அவன் மடித்தால் கரை ஒரு நூல் பிசகாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தால் இரண்டும் எழும்பும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் தன் துண்டைச் சுருட்டித்தான் எறிவான், அது வேறு.

கொழும்பிலும் பினாங்கிலும் இருந்த நம்மவர் கடைகளுக்குச் சேலைகளைப் படம் பிடித்துப் புத்தகமாகக் கட்டி அனுப்பவேண்டும் என்று கடை முதலாளிக்கு ஆசை வந்தது. துணித் துண்டுகளை ஒட்டி அனுப்புவது பழைய வழக்கம். துண்டைப் பார்த்தால் நூல் தெரியும், கட்டினால் எப்படி இருக்கும் என்று தெரியாதே.

ஆனால் கட்டிக்கொண்டு நிற்க யார் வருவார்கள்? குடும்பத்துப் பெண் எவளும் கடைப் புத்தகத்தில் நிற்கமாட்டாள்.

அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னேன்.

"நான் நிக்கேன். மூஞ்சி தெரியப்படாது."

"ஏட்டி குருவு, உனக்கென்ன கிறுக்கா?"

"எல்லாப் படத்துலயும் மூஞ்சி தெரியப்படாது. ஒண்ணே ஒண்ணுல மட்டும் தெரியணும். அது எனக்கு. அவியளுக்கு அனுப்ப."

அண்ணன் என்னையே பார்த்தான். அவன் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

முடிச்சு விழாத சேலை

புரட்டாசிச் சனிக்கிழமை. திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டு வருகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணனோடு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அதே பேரில் இருக்கிற மலைப் பெருமாளைச் சொல்கிறேன். கும்பிட்டதும் உண்மை. ஆனால் அங்கிருந்து நேரே கடையின் கொல்லைப்புறத்துக்குப் போனதை யாரிடமும் சொல்லவில்லை.

போட்டோக்காரர் ஆசீர்வாதம் மதுரையிலிருந்து வந்திருந்தார். கூட அவர் மனைவி கிரேஸ் அக்கா. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நெற்றி வெறுமையாக, கொண்டை இறுக்கமாக, கையில் சீப்போடு நின்ற அக்காவைப் பார்த்ததும் ஏதோ டீச்சர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன்.

முதல் சிக்கல் அண்ணனிடமிருந்து வந்தது.

"யம்மா, இது கோடிச் சேலை. ஒருத்தி கட்டி அவுத்தாச்சுன்னா பழசு. பொறவு எவ வாங்குவா?"

"கட்டாம எப்படிப் படம் எடுக்க? கொடியில போட்டா?" என்றார் கிரேஸ் அக்கா.

அண்ணன் தாடையைச் சொறிந்தான். பிறகு தீர்ப்பு சொன்னான். "முடிச்சு விழுந்தாத்தான் கட்டுனது. முடிச்சு விழலேன்னா அது போத்துனதுதான்."

"சரிதான்யா நாட்டாமை" என்று ஆசீர்வாதம் துணிக்குள்ளிருந்து சிரித்தார்.

அப்படித்தான் நடந்தது. நான் உடுத்திப் போன சேலையின் மேலேயே புதுச் சேலையைச் சார்த்தினார்கள். அண்ணன் கீழே உட்கார்ந்து கொசுவம் மடித்துக் கொடுக்க, அக்கா முதுகுப் பக்கம் அதைக் கிளிப்புகளால் கவ்வ வைத்தார். ஈரப் படங்களைக் காயப்போடுகிற கிளிப்புகள். குண்டூசி குத்த அண்ணன் விடவில்லை, ஓட்டை விழுமாம்.

முன்பக்கம் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிறவள். பின்பக்கம் பார்த்தால் சலவைக்காரர் வீட்டுக் கொடி. பதினோரு கிளிப்பு. எண்ணிக்கொண்டே நின்றேன். மூச்சு இழுத்து விட்டால் ஒன்று தெறிக்கும்.

"இங்க பாரு, நீ ஒரு சேலை. நீ ஆளு இல்ல. சேலைக்கு வெக்கம் கிடையாது" என்றார் அக்கா காதோரமாக.

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

முந்தானையை நேராகத் தொங்கவிட்டால் அது துணி. என் கையை முழங்கையில் மடக்கி, அதன்மேல் வழியவிட்டால் அது தண்ணீர். பாதம் தெரிந்தால் கவனம் அங்கே போய்விடும் என்று அக்கா சேலையைத் தரையில் கொஞ்சம் புரளவிட்டார். அண்ணனிடம் ஒரு வெள்ளை வேட்டியை என் பக்கமாகப் பிடிக்கச் சொன்னார். வெயில் அதில் பட்டுத் திரும்பி, மடிப்புக்குள் இருந்த கருக்கலையெல்லாம் விரட்டியது. ஒவ்வொரு தடவையும் என் தாடைக்குக் கீழே ஒரு கோடு நினைத்துக்கொண்டு, "இதுக்கு மேல வேண்டாம்" என்று கணவரிடம் சொல்வார்.

நடுவில் அண்ணனை நிறுத்திவைத்து, என்னைக் கறுப்புத் துணிக்குள் விட்டது அப்போதுதான்.

கடைசிச் சேலை வான நீலம். மெல்லிய சரிகைக் கரை. அதில் ஒன்று கழுத்துக்குக் கீழே, புத்தகத்துக்கு. இன்னொன்று முகத்தோடு, எனக்கு. வேர்த்து வழிந்த என் முகத்தை அக்கா ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, பவுடர் ஒற்றி, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி ஏற்றிவிட்டார்.

"சிரிக்காண்டாம். அவரு எதுக்க நிக்காருன்னு நினைச்சுக்கோ."

அவர் எதிரே நின்றால் நான் தரையைத்தானே பார்ப்பேன்? ஆனாலும் அன்று நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கண்ணாடிக் கண் முன்னால் எனக்கு வெட்கமே வரவில்லை.

கடைத் தரையில் விரித்த படங்கள்

அடுத்த சனிக்கிழமையும் பெருமாள் பேரைச் சொல்லிப் போனேன். கடையின் உள்ளறையில் படங்களைத் தரையில் பரப்பியிருந்தார்கள். முதலாளி தலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என் அரக்குச் சேலை எங்கய்யா? இது கரி மூட்டை!"

அரக்குச் சேலை கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது. "முதலாளி, படம் விழுற கண்ணாடிப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பைக் கண்டா கறுப்பும்பா" என்றார் ஆசீர்வாதம், ஏதோ வீட்டுக் கிழவியின் பார்வையைப் பற்றிச் சொல்வதுபோல.

கிரேஸ் அக்கா அந்தப் படத்தை எடுத்து, அகலமான வெள்ளைத் தாளில் ஒட்டி, அதைக் கறுப்பு அட்டையின் நடுவில் வைத்தார். எதிர்ப்பக்கத்தில் வெளிர் பச்சைச் சேலைக்காரியை வைத்தார். இரண்டு பேரும் நான்தான். இருவர் கையும் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டிருந்தன. கரி மூட்டை காணாமல் போய், இருட்டில் ஒரு ராணி நின்றாள்.

"எடம் நெறைய வீணாப் போகுதே. இன்னும் ரெண்டு சேலைய வையி" என்றார் முதலாளி.

"கோயில்ல அம்மனைச் சுத்தி மூட்டையா அடுக்கி வச்சிருக்கு? எடம் விட்டாத்தான முதலாளி கண்ணு அங்க போகும்?" என்று அண்ணன் கேட்டுவிட்டான். முதலாளியை எதிர்த்து அவன் பேசியதும் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முதலாளி உம்மென்று வெற்றிலைச் செல்லத்தைத் தேடப் போய்விட்டார்.

நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்துக்கு மேலே நான் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் நான். ஒரு படத்தை நாலு விரல் தள்ளி வைத்தால் அவள் காத்திருக்கிறாள். ஓரமாக ஒதுக்கினால் கோபித்துக்கொண்டு போகிறாள். படம் அதேதான். வைத்த இடம்தான் அவளுக்கு மனசு கொடுத்தது. இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. இன்றைக்கும் பூஜை மாடத்தில் ஒரு விளக்கை நகர்த்தும்போது அந்தத் தரை ஞாபகம் வரும்.

நீலச் சேலைப் படங்கள் இரண்டும் இன்னும் ஈரமாகப் பின்கட்டில் தொங்கின; அவற்றை நான் பார்க்கவில்லை. "காய்ஞ்சதும் உங்க அண்ணங்கிட்ட ஒட்டிக் குடுத்து விடுதேன்" என்றார் அக்கா.

உறை

மூன்று நாள் கழித்து அண்ணன் வந்தான். நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். அவன் செய்த வேலையைப் பாருங்கள். உறையைத் தட்டுக் கூடையின் மேல் வைத்துவிட்டு, அத்தை கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். கடுதாசி என்று நினைத்து அத்தை அதைப் பிரித்துவிட்டார்.

நான் குடத்தோடு உள்ளே வரும்போது அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் படம். மோர்ச் செம்பைக் கையில் வைத்தபடி அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடத்தை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

நீலம் எங்கே? சேலை வெள்ளை வெளேர் என்று இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தை முந்தானை மூடியிருந்ததால் தாலி தெரியவில்லை. பதினேழு வயதில், சண்டைக்குப் போனவர் பெண்டாட்டி, வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெருமாள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் இது என்றே நினைத்தேன்.

"நீலம் அத்தே. சத்தியமா நீலச் சேலை. அந்தப் பொட்டிக்கு நெறம் தெரியாதாம். சிவப்பு கறுப்பா விழுந்த மாதிரி நீலம் வெள்ளையா விழுந்திருக்கு. அக்கா தொடைக்கும்போது பொட்டு அழிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது அத்தே."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். "ஏலே, நீ இதப் பாக்காமலா கொண்டாந்த?"

"பாத்தேன் அத்தை..." அண்ணன் செம்புக்குள் பார்த்தபடி சொன்னான். "கொசுவத்தைத்தான் பாத்தேன். மடிப்பு அம்புட்டு நல்லா விழுந்திருந்துச்சு."

அதற்குமேல் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. விழுங்கிய கடைசி வரியையும் சொன்னேன். முகம் மறந்து போகுமோ என்று அவர் எழுதியதை.

அத்தை படத்தை மடியிலிருந்து எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கிழிச்சுப் போட்டுருதேன் அத்தே" என்று கையை நீட்டினேன்.

அத்தை படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "கிழிக்கதா? எம் மருமகளையா?"

பிறகு எழுந்தார். மஞ்சள் கிழங்கை எடுத்து, கல்லில் தண்ணீர் விட்டு உரசத் தொடங்கினார்.

மஞ்சள்

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்குத் திரி ஒன்றைக் கையில் முறுக்கினார். அதை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, சேலையின் தோள்பட்டையில் மெல்ல ஒற்றினார். படம் மஞ்சளைக் குடித்தது. வழியவில்லை, பூசினதுபோல் திட்டாகவும் நிற்கவில்லை. அடியிலிருந்த மடிப்பும் கருக்கலும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் உள்ளே இறங்கியது. திரி போன வழியெல்லாம் வெள்ளை விலகி, மஞ்சள் சேலை ஒன்று என்மேல் ஏறிக்கொண்டே வந்தது.

மிளகாய் இடித்துக் காய்த்துப்போன கை அது. ஒரு இடத்திலும் கரையைத் தாண்டவில்லை.

பிறகு குங்குமத்தைக் குழைத்து, ஈர்க்குச்சி முனையால் நெற்றியில் ஒரு பொட்டு. மறுபடி குச்சியை மஞ்சளில் தொட்டு, காதுக்குக் கீழே முந்தானை மூடாத ஒரு விரல் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். தாலிக் கயிறு.

"இப்ப இது என் வீட்டுப் பிள்ளை" என்றார். "காயட்டும். இவளத்தான் அனுப்பணும்."

அண்ணன் மோர்ச் செம்பை அப்போதுதான் கீழே வைத்தான்.

வெள்ளைக்கு இரண்டு வீடு

அண்ணன் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான்; புத்தகம் கட்டி முடியும்வரை அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் தங்கியிருந்தார்கள். மறுநாளே கிரேஸ் அக்கா ஒரு பொட்டலம் பால்கோவாவோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலிலேயே கண் கலங்கியது.

"மன்னிச்சிருங்கம்மா. எங்களுக்கு அது உறைக்கவே இல்ல. எங்க கோயில்ல பொண்ணு வெள்ளச் சேலையிலதான் கலியாணத்துக்கு நிப்பா. படம் விழுந்ததும், புதுப்பொண்ணு மாதிரி இருக்காளேன்னு நானும் அவியளும் சந்தோசப்பட்டோம்."

"வெள்ளையா? கலியாணத்துக்கா?" அத்தை வாயில் கைவைத்துக்கொண்டார். "அப்ப தாலி அறுத்தவ என்னத்தக் கட்டுவா?"

"அவளும் வெள்ளதான் கட்டுவா."

"நல்லா இருக்கு உங்க கூத்து" என்றார் அத்தை. பிறகு இரண்டு பேரும் ஒருசேரச் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அக்கா என் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மதுரையில் சாயம் தீட்டப் படித்தவர் அவர். "எங்கம்மா கத்துக்கிட்டீக?" என்று கேட்டார்.

"சேலைக்கு மஞ்சத் தொட்டு வைக்கதுக்குப் பாடம் வேற படிக்கணுமா?" என்றார் அத்தை.

புத்தகத்தில் இருந்த நீலச் சேலைக்காரியையும் அத்தை அப்படியே விடச் சம்மதிக்கவில்லை. "தலை இல்லாட்டிப் போகட்டும். கொழும்புல போயி வெள்ளையில நிக்கப்படாது." மொத்தம் நாலு புத்தகம் கட்டினார்கள். நாலிலும் அந்தப் பக்கத்துக்கு மஞ்சள் ஏற்றியது என் அத்தைதான். படம் பிடிக்கிற பெட்டியை வாழ்நாளெல்லாம் வைத கை.

அதில் ஒரு வேடிக்கை. கொழும்பிலிருந்து வந்த முதல் கடுதாசியில் அந்த மஞ்சள் சேலையைத்தான் கேட்டிருந்தார்கள். அப்படி ஒரு சேலை கடையிலேயே கிடையாது. முதலாளி தறிக்காரர்களிடம் ஓடி, படத்தைக் காட்டி, அதே மஞ்சளில் நெய்யச் சொன்னார். நெய்ததெல்லாம் கப்பலில் போயிற்று. எங்கள் கைக்கு ஒன்றுகூட வரவில்லை.

ஸ்டேஷனில்

என் படமும் கப்பலில் போயிற்று. பதில் வர எத்தனையோ மாதம் ஆனது. 'படம் கிடைத்தது. பெட்டியைத் திறந்தால் நம் வீட்டு மஞ்சள் வாசம் வருகிறது' என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல் படித்தேன். அத்தை மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் சொன்னார்.

பிறகு கடுதாசி இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

சண்டை முடிந்து அவர் வந்தார். இராஜபாளையம் ஸ்டேஷனில் நானும் அத்தையும் காத்திருந்தோம். நான் ஒரு பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தேன். மெலிந்து, கறுத்து, ஒரு கால் கொஞ்சம் சாய்ந்து, தகரப் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். கூட்டத்தில் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

"ஏலே!" என்று அத்தை கத்தினார்.

அவர் திரும்பினார். தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தைச் சரிபார்க்கிறவர்போல வெகுநேரம் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்துதான் நின்றேன்.

"அந்த மஞ்சச் சேலை எங்க?" என்று கேட்டார். அத்தனை வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அத்தை அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அது கடையில கெடைக்காது லே" என்றார். "அது நான் கட்டிவிட்டது."